மேடை எங்கே நிற்க வேண்டும்?

கோலார் தங்க வயலில் (கே.ஜி.எஃப்.) ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பழகியவர்களுக்கு மேடை போடுவது ஒரு நாள் வேலை. காலையில் லாரி வரும், மதியத்துக்குள் பலகை ஏறிவிடும், மாலை ஆறு மணிக்கு மைக் டெஸ்டிங். தெருவில் ஆயிரம் பேர் கூடினாலும் நாலு பக்கமும் சந்து இருக்கிறது. நெருக்கடி வந்தால் ஜனம் தானாகவே பிரிந்து போய்விடும். மைதானத்தில் அந்த வசதி கிடையாது. சுற்றிலும் சுவர், மொத்தமே இரண்டோ மூன்றோ கேட். டிக்கெட் வாங்கிய ஆறாயிரம் பேர் ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். அவர்கள் எந்தப் பக்கம் நெருக்குவார்கள், எந்த வழியாக வெளியே போவார்கள், மழை பிடித்தால் எங்கே ஓடுவார்கள் என்பதெல்லாம் மேடை நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் அலங்காரத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. மைதானத்துக்குள் மேடையின் இடம், திசை, உருவம், அதைச் சுற்றி விட வேண்டிய காலி நிலம் ஆகியவைதான் பேச்சு. கே.ஜி.எஃப். போன்ற ஊரில், உள்ளூர் மைதானத்தில், முதல்முறையாகப் பெரிய இன்னிசை நிகழ்ச்சி நடத்தப்போகும் குழுவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தமிழர் நிகழ்ச்சிகள் இரண்டு

2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. நடிகை தமன்னா உட்படத் திரைக் கலைஞர்கள் பலர் வந்திருந்தார்கள். பணம் கட்டியவர்களுக்கு மேடையருகே இருக்கை. இலவசமாக வந்தவர்களுக்குத் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் இடம். பின்னால் நின்ற கூட்டம் ஒரு கட்டத்தில் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்பகுதிக்குள் புகுந்தது. நாற்காலிகள் நொறுங்கின, நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது பேசியவர்களில் பெரும்பாலோர் கூட்டத்தின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசினார்கள். என் பார்வை வேறு. பரந்த திறந்தவெளியில் ஒரே முனையில் மேடை இருந்து, அதன் முன்னால் இருக்கும் நல்ல நிலம் முழுவதையும் நாற்காலி எடுத்துக்கொண்டால், பின்னால் நிற்கும் ஆயிரக்கணக்கானோருக்குப் பாடகர் விரல் அளவுக்குத்தான் தெரிவார். அப்படிப்பட்ட இடத்தில் நடுவே நிற்கும் தடுப்பு நிகழ்ச்சி முடியும்வரை தாங்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பின்வரிசைக்கும் ஒரு திரை, ஒரு ஒலிபெருக்கிக் கோபுரம், ஓர் அகலமான நடைபாதை கொடுப்பது மேடை அமைப்பவரின் கடமை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 செப்டம்பர் 10 அன்று, சென்னை பனையூரில் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அடைத்துக்கொண்டது. குழந்தைகள் பெற்றோரைத் தவறவிட்டார்கள். பெண்கள் நெரிசலில் சிக்கித் துன்பப்பட்டார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். உலகத்தரமான இசை, ஆனால் வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த நிலம் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை.

நம் மாநிலத்திலேயே 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அது கிரிக்கெட் வெற்றி விழா. 11 பேர் இறந்தது மைதானத்துக்கு வெளியே, கேட்டுகளை ஒட்டி. கேட்டும் மேடை அமைப்பின் ஒரு பகுதிதான் என்பதை அந்த நாளுக்குப் பிறகு தனியாக விளக்கத் தேவையில்லை.

முதலில் நிலக் கணக்கு

பெரும்பாலான குழுக்கள் மேடை அளவிலிருந்து ஆரம்பிக்கின்றன. “அறுபதுக்கு நாற்பது போடலாம்ணே, திரை பெருசா வைக்கலாம்ணே” என்று பந்தல்காரர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். வெளியேறும் வழியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு கால்பந்து மைதான அளவை எடுத்துக்கொள்வோம்: 100 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம். மேடை ஒரு முனையில். மேடையின் ஆழம் 16 மீட்டர், பின்னால் ஜெனரேட்டர், உடைமாற்றும் அறை, லாரி நிற்க 9 மீட்டர். 25 மீட்டர் போயிற்று. மீதம் 75-க்கு 65, அதாவது 4,875 சதுர மீட்டர். இதில் மேடை முன் காவலர் நிற்கும் சந்து, மிக்ஸர் மேடை, நடுவிலும் ஓரங்களிலும் நடைபாதை, ஆம்புலன்ஸ் வழி எல்லாவற்றுக்குமாக மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். ஜனம் நிற்கக் கிடைப்பது சுமார் 3,200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் 6,400 பேர். பிளாஸ்டிக் நாற்காலி போட்டாலும் கால் நீட்டும் இடம் சேர்த்து ஒருவருக்கு அரை சதுர மீட்டர் வேண்டும். எண்ணிக்கை ஏறக்குறைய அதே 6,400.

“நின்றால் இன்னும் கொள்ளுமே” என்பார்கள். கொள்ளும். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டியான ‘கிரீன் கைடு’ நிற்கும் கூட்டத்துக்கு 10 சதுர மீட்டரில் 47 பேர் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 1971-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்த பிறகு, 1973-ல் பிறந்த வழிகாட்டி அது. ஆனால் அந்த எண் முறையாகக் கட்டிய படிகளும், எண்ணி வைத்த தடுப்புக் கம்பிகளும், பழகிய காவலர்களும் உள்ள அரங்குகளுக்கானது. செம்மண் தரையில் கயிறும் கம்பும் கட்டி நடத்தும் நமக்கு அது பொருந்தாது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டியைக் கைப்பிடித்துக்கொண்டு வரும் கூட்டம் நம்முடையது. சதுர மீட்டருக்கு 2 என்பதில் நில்லுங்கள்.

இனி கேட். அதே வழிகாட்டி, சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்கிறது. 4 மீட்டர் கேட் ஒன்றே ஒன்று திறந்திருந்தால் நிமிடத்துக்கு 328 பேர். 6,400 பேர் வெளியேற ஏறக்குறைய 20 நிமிடம். எட்டு நிமிடத்தில் காலியாக வேண்டும் என்றால் 10 மீட்டர் அகலம் வேண்டும். அதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. தனித்தனி மூலைகளில் பிரித்து, அவற்றில் பெரிய கேட் அடைபட்டுவிட்டாலும் மீதி போதுமா என்று பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் இரண்டே வழி: சுவரில் தற்காலிகத் திறப்புக்கு அனுமதி வாங்குங்கள், அல்லது டிக்கெட்டைக் குறையுங்கள்.

இந்தக் கணக்கு முடிந்ததும் மேடைக்கான இடம் பாதி தானாகவே தெரிந்துவிடும். பெரிய கேட் இருக்கும் பக்கம் மேடை வரக் கூடாது. லாரி சுலபமாக நுழைகிறது என்பதற்காகக் கேட்டை ஒட்டியே மேடை போடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் போட்டால், உள்ளே வருகிறவன் மேடைக்கு முன்னாலேயே நின்றுவிடுவான்; அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்கு வழி இருக்காது; பின்பாதி மைதானம் காலியாகக் கிடக்கும்போதே முன்பாதியில் மூச்சு முட்டும். கேட்டுக்கு எதிர்முனையில் மேடை இருந்தால், கூட்டம் நடந்து போய்ப் பரவும். லாரிக்குப் பக்கவாட்டில் இரும்புத் தகடு விரித்துத் தனிப் பாதை போடும் செலவு, அந்தப் பாதுகாப்புக்கு முன் ஒன்றுமில்லை.

முனை மேடையா, நடு மேடையா, ராம்ப்பா?

மேடையின் உருவம் என்று பார்த்தால் நான்கு வகை. மைதானத்தின் குறுகிய முனையில் நிற்பது முனை மேடை. நீளவாக்கில் ஒரு பக்கத்தின் நடுவில் நிற்பது பக்கவாட்டு மேடை. மைதானத்தின் மையத்தில், சுற்றிலும் ஜனம் இருக்க நிற்பது நடு மேடை. முனை மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீளும் நடைமேடை ராம்ப். அதன் நுனியில் சின்ன மேடை ஒன்றும் வைக்கலாம்.

நடு மேடையின் கவர்ச்சி பெரிது. ஐரிஷ் இசைக்குழு யூ2, 2009 ஜூன் 30 அன்று பார்சிலோனாவில் தொடங்கிய ‘360°’ பயணத்தில், நான்கு கால் கொண்ட, ஏறக்குறைய 50 மீட்டர் உயர இரும்புக் கூடாரத்தை மைதானத்துக்குள் நிறுத்தி, அதன் அடியில் நின்று பாடியது. மேடைக்குப் பின்னால் வீணாகும் இருக்கைகளும் விற்பனைக்கு வந்தன. 2023-ல் மெட்டாலிகா குழு வளைய வடிவ மேடை போட்டு, ரசிகர்களில் ஒரு பகுதியை அந்த வளையத்துக்குள்ளேயே நிறுத்தியது. பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நடு மேடைக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பாடகர் எந்த வழியாக மேடைக்கு வருவார்? ஜெனரேட்டர் கேபிள் எந்த வழியாக வரும்? தபேலா வாசிப்பவருக்கு மயக்கம் வந்தால் எந்த வழியாகத் தூக்கிப் போவீர்கள்? அந்தக் குழுக்கள் இதற்கென்றே தனி ஏற்பாடு செய்தன. யூ2 ஒரே சமயத்தில் அத்தகைய கூடாரம் மூன்று வைத்திருந்தது; ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போது அடுத்தது அடுத்த ஊரில் எழும்பும். நம் மைதானங்களைச் சுற்றி உயரமான இருக்கைப் படிகளும் இல்லை. சமதரையில் நடு மேடை போட்டால் லாபம் கொஞ்சம், சிக்கல் நிறைய. நம் ஊருக்கு அது வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து.

பக்கவாட்டு மேடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைதானம் அகலம் குறைவாக, ஒரு பக்கம் படிக்கட்டு கேலரி இருந்தால், அதற்கு எதிரே போடலாம். கடைசி வரிசைக்கும் பாடகர் அருகில் தெரிவார். இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்களுக்கு மேடை சாய்வாகத்தான் தெரியும். அவர்கள் நடுவை நோக்கி மெல்ல நகர்வார்கள். அந்த நகர்வைத் தடுக்க நடைபாதைகளை மேடையை நோக்கி நேராக வெட்டி விட வேண்டும்.

முனை மேடையும் அளவான ராம்ப்பும்தான் நமக்கு ஏற்றது. கோல்ட்பிளே 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் பாடியபோது, ஒவ்வொரு இரவும் ஒரு லட்சத்துக்கு மேல் ரசிகர்கள். மேடை ஒரு முனையில். அங்கிருந்து ராம்ப் கூட்டத்தின் நடுவே போய் ஒரு சிறு மேடையில் முடிந்தது. தூரத்து முனையிலும் இன்னொரு குட்டி மேடை, பின்வரிசைக்காரர்களுக்காகவே. பாடகர் பின்னால் போய்விட்டால் கூட்டம் முன்னால் முண்ட வேண்டியதில்லை. முற்றவெளியில் தடுப்பு உடைந்ததற்கு என்ன மருந்து என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பெரிய செலவும் இல்லை: மைதானத்தின் பின்பாதியில் 12-க்கு 12 அடியில், நாலடி உயரத்தில் ஒரு மேடை, இரண்டு பாட்டு, ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு தபேலா. அங்கே போக ஓரத்தில் காவலர் நிற்கும் தனிப் பாதை கட்டாயம் வேண்டும். கூட்டத்தின் நடுவே பாடகரை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள்.

ராம்ப்பில் ஓர் ஆபத்து உண்டு. ராம்ப்பையும் தடுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் தரை சில அறைகளாகப் பிரியும். 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு நிகழ்ச்சியில் 10 பேர் நெரிசலில் இறந்தார்கள். அங்கே தடுப்புகள் மூன்று பக்கமும் மறிக்க, நாலாவது பக்கத்திலிருந்து கூட்டம் நெருக்கிய ஒரு பகுதியில்தான் சாவு அதிகம். உங்கள் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வோர் அறையாக விரல் வைத்துப் பாருங்கள். எந்த அறையிலும் நுழையும் வழி ஒன்று, வெளியேறும் வழி வேறொன்று இருக்க வேண்டும். மூலையில் முட்டி நிற்கும் அறை இருந்தால் அதை அழித்துவிட்டு வேறு வரையுங்கள்.

சூரியன், காற்று

கிரிக்கெட் ஆடுகளத்தை வடக்கு தெற்காகப் போடுவது மாலை வெயில் மட்டையாளர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. மேடைக்கும் அதே நியாயம். நிகழ்ச்சி ஐந்தரைக்குத் தொடங்குகிறது என்று வையுங்கள். மேடை மேற்குப் பார்த்து இருந்தால் எல்.இ.டி. திரை மேல் வெயில் நேராக விழும். இருட்டும்வரை படம் வெளுத்துத்தான் தெரியும். மேடை கிழக்குப் பார்த்து இருந்தால் ஜனத்தின் கண்ணில் வெயில். வடமுனையில் நின்று தெற்குப் பார்ப்பதோ, தென்முனையில் நின்று வடக்குப் பார்ப்பதோதான் சரி.

கே.ஜி.எஃப்-பில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்று மேற்கிலிருந்து வீசும். வடக்கு தெற்காகப் பார்க்கும் மேடையில் திரையின் அகலம் கிழக்கு மேற்காக இருக்கும். மேற்குக் காற்று அதன் விளிம்பில்தான் மோதும், முகத்தில் மோதாது. அந்த மாதங்களில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளிலிருந்து கிளம்பும் நுண்மண்ணை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டுக்குள் பாத்திரத்தில் படிவது மிக்ஸரின் பட்டன் இடுக்கிலும், சுழலும் விளக்கின் விசிறியிலும் படியும். முடிந்தால் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் மேட்டைத் தாண்டி வரும் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கூட்டத்தை நிறுத்தாதீர்கள். கருவிகளுக்கு உறை போடுவதற்கு முன்னால் மனிதர்களின் மூச்சை நினையுங்கள்.

காற்றின் பலத்தை நம் ஆட்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 72 கி.மீ. காற்று, ஒரு சதுர மீட்டரில் சுமார் 25 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத் திரை என்றால் 24 சதுர மீட்டர். மொத்தம் 600 கிலோ. திரையின் நடு தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாங்கும் சட்டத்தின் அடிப்பாகம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றரை மீட்டர்தான் நீள்கிறது. அது கவிழாமல் நிற்க மட்டுமே 2 டன் எடை வேண்டும். பாதுகாப்பு மிகுதியும், திரையின் வடிவத்துக்கான கெழுவும் சேர்த்தால் இன்னும் ஏறும். பத்துப் பதினைந்து மணல் மூட்டையைக் காலில் சாத்திவிட்டு “நிக்கும் சார்” என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து வைத்தாலும் முக்கால் டன்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஒரு டன். அது கிடைக்கும், நிரப்பவும் காலி செய்யவும் சுலபம், எடையில் சந்தேகம் இல்லை. பெங்களூருவுக்கு இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கி.மீ. கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றை நினைத்தால் 72 கி.மீ. என்பது மிகையான கற்பனை இல்லை என்பது புரியும்.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் சுமார் 95 கி.மீ. வேகச் சூறைக்காற்றில் மேடைக் கூரை கூட்டத்தின் மேல் சரிந்து 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த இரண்டு உண்மைகள்: சட்டம் வேண்டிய அளவு காற்றைத் தாங்கும்படி அது கட்டப்படவில்லை, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது அங்கே தெளிவாக இல்லை. உங்கள் நிகழ்ச்சிக்குக் காற்றுமானி ஒன்று வாங்குங்கள், கூரையின் உச்சியில் கட்டுங்கள். எந்த வேகத்தில் திரையை இறக்க வேண்டும், எந்த வேகத்தில் ஜனத்தை வெளியேற்ற வேண்டும் என்ற இரண்டு எண்ணைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த எண் வந்ததும் முடிவெடுப்பவர் ஒரே ஆள். அவர் நிகழ்ச்சியின் ஸ்பான்சராகவோ தொகுப்பாளராகவோ இருக்கக் கூடாது.

உயரமும் பார்வையும்

மேடைக்காரர்கள் அடியில் பேசுவார்கள், பொறியாளர் மீட்டரில் எழுதுவார். வரைபடத்தில் ஒரே அளவைப் பயன்படுத்துங்கள்.

ஆறடி மேடை நல்ல உயரம். பின்னால் நிற்பவர்களுக்கு உதவும். ஆனால் முன்வரிசையை மேடைக்கு ஒட்டிப் போட்டால் முக்கியப் பிரமுகர்களுக்குத்தான் நஷ்டம். மேடை விளிம்பிலிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு, விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே நிற்கும் பாடகரின் கீழ்ப்பாதி ஒரு மீட்டர் அளவுக்கு மறைந்துவிடும். இடுப்புக்கு மேல்தான் தெரியும். நாற்காலியை 6 மீட்டருக்குத் தள்ளினால் மறைவு அரை மீட்டராகக் குறையும். அந்த 6 மீட்டரில் காவலர், கேமராக்காரர், முதலுதவிக்காரர் எல்லோரும் நடமாடலாம். டிரம்ஸுக்குத் தனியாக இரண்டடி உயரம் கொடுங்கள்.

தரை சாய்வாக இருந்தால் பள்ளமான முனையில் மேடை, மேடான பக்கத்தில் ஜனம். பின்வரிசைக்கு இயற்கையே படி கட்டிக் கொடுத்த மாதிரி. மழைத் தண்ணீர் பள்ளத்தில்தான் சேரும் என்பதால், மேடைக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டி, எல்லாக் கேபிள் இணைப்பையும் மின்பெட்டியையும் தரையிலிருந்து ஓரடி தூக்கி வையுங்கள்.

ஒலி

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகும். மேடையிலிருந்து 60 மீட்டரில் துணை ஒலிபெருக்கிக் கோபுரம், அதாவது டிலே டவர் வைத்தால், மேடை ஒலி அங்கே வந்து சேர 174 மில்லி நொடி ஆகும். கோபுரத்தின் ஒலியை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அதற்கு மேல் 10 மில்லி நொடி கூட்டி வைத்தால், ஒலி கோபுரத்திலிருந்து வந்தாலும் காது மேடையிலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். சவுண்ட்காரரிடம் “டிலே போட்டாச்சா?” என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவரை மேடையில் கைதட்டச் சொல்லி, மைக் வழியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரே தட்டாகக் கேட்க வேண்டும்.

டிலே டவர் வைப்பதன் பெரிய நன்மை வேறு. முன்னால் நிற்பவரின் காதைக் கிழிக்காமலே பின்னால் நிற்பவருக்குப் பாட்டு தெளிவாகப் போகும். மேடைச் சத்தத்தை ஏற்றவேண்டியதில்லை. சுற்றியுள்ள வீடுகளுக்கும் நிம்மதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி. மேடையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் சத்தம் அதிகம் போகும். வடமுனையா தென்முனையா என்று முடிவு செய்யும்போது எந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று பாருங்கள்.

மிக்ஸர் மேடை கூட்டத்தின் நடுவில் உயரமாக எழும்பி, பின்னால் இருப்பவர்களை மறைப்பது நம் நிகழ்ச்சிகளில் பொதுவான குறை. ஒலிக்காரர் 30 மீட்டர் வாக்கில், நடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பது உண்மை. தரையிலிருந்து ஓரடி உயரம் அவருக்குப் போதும். கேமராவையும் விளக்குப் பலகையையும் விருந்தினர் சோபாவையும் அதே மேடையில் ஏற்றும்போதுதான் அது சுவராக மாறுகிறது.

நம் மண்ணின் தனிக் கவனம்

இந்த ஊரில் சுரங்கம் 1880-களிலிருந்து 2001 பிப்ரவரி 28 வரை ஓடியது. பழைய ஷாஃப்ட்டுகளும் மூடிய குழிகளும் எங்கெங்கே என்பது நிலத்தைப் பார்த்தால் தெரியாது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் (பி.ஜி.எம்.எல்.) நிலத்தில் நிகழ்ச்சி என்றால் அனுமதிக் கடிதம் வாங்கும்போதே, கிரேன் நிற்கும் இடத்தையும் ஜெனரேட்டர் லாரி நிற்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் காட்டி, அடியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மைன்ஸில் வேலை பார்த்த பெரியவர்களிடமும் கேளுங்கள். எந்த இடம் எப்போது இறங்கியது என்று சொல்ல அவர்களைவிடச் சிறந்தவர் கிடையாது. கிரேன் கால்களுக்கு அடியில் கனமான மரப்பலகை விரிப்பது கட்டாயம்.

1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் வந்த ஊர் இது. ஆனாலும் மேடைக்கு ஊர்க் கரண்டை நம்ப வேண்டாம். ஒலிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, இரண்டுக்கும் மாற்றாக ஒன்று என மூன்று ஜெனரேட்டர். வெளியேறும் வழி விளக்குகளும் அறிவிப்பு மைக்கும் மேடையோடு சேராத தனி இணைப்பில் இருக்க வேண்டும். மேடை இருண்டுபோனாலும் ஜனத்துக்கு வழி தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் பலர் பங்காருப்பேட்டை, கோலார், பெங்களூரு என்று கடைசி ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்க ஓடுவார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் எழுந்து ஒரே கேட்டை நோக்கிப் போகும். அந்தக் கேட்டிலிருந்து மேடை தூரமாக இருந்தால் போகிறவரும் நிற்பவரும் மோத மாட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தை மேடைக்குப் பின்பக்கம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அத்தியாயத்தில் சொன்னவை அனைத்தும் ஒரே தாளில் வரும்: மேடை, திசை, ராம்ப், தடுப்பு, ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வழி, கேட்டின் அகலம், டிலே டவர், ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ் பாதை, காற்றுக்கான இரண்டு எண், நிறுத்தும் அதிகாரம் உள்ளவரின் பெயர். பொறியாளர் கையெழுத்தோடு அந்தத் தாளின் நகல் காவல் நிலையத்துக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், நகரசபைக்கும், பந்தல்காரருக்கும், சவுண்ட்காரருக்கும் போக வேண்டும். அந்த வரைபடம் உங்கள் கைக்கு வரும்வரை ஒரு டிக்கெட்டும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.